திரையரங்குக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி: படம், அரங்கு, இருக்கை, பரிந்துரை

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த சில வாரங்களுக்குள், பெரும்பாலான நாடுகளில் திரையரங்குகள் மூடப்பட்டன. அவை திறந்து ஆண்டுகள் ஆகிவிட்ட பிறகும், ஒரு காலத்தில் வாராவாரம் படம் பார்த்தவர்களில் பலர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. சிலருக்கு வீட்டில் பெரிய தொலைக்காட்சியும் ஓடிடி சந்தாவும் போதும் என்று ஆகிவிட்டது. சிலருக்குக் குழந்தை, வேலை, உடல்நலம் என்று காரணங்கள் இருந்தன. இன்னும் சிலருக்கு எந்தக் காரணமும் இல்லை. பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். மீண்டும் போகலாம் என்று நினைக்கும் இவர்களுக்காகவும், முதல்முறையாக அக்கறையுடன் திரையரங்கில் படம் பார்க்கத் தொடங்கும் இளையவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் கிடைக்காத எதை இந்தப் படத்துக்கு அரங்கு தருகிறது? எந்தப் படத்துக்குப் போவது, எந்த அரங்கில் பார்ப்பது, எங்கே உட்காருவது, பார்த்த பிறகு நண்பரிடம் என்ன சொல்வது என்ற எல்லா முடிவுகளுக்கும் இந்த ஒரு கேள்வியே வழிகாட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படத்தைத் தேர்ந்தெடுத்தல்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு போகிறவர்கள் பொதுவாக அந்த வாரத்தில் அதிகம் பேசப்படும் படத்துக்கே போகிறார்கள். அதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் படம் பிடிக்காமல் போனால், திரையரங்கே இனி நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே முதல் படத்தை மட்டுமாவது கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். வீட்டில் 40 நிமிடத் தொடர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகியவருக்கு, மூன்று மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காருவது எடுத்த எடுப்பில் கடினமாக இருக்கும்; ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படம் நல்ல தொடக்கம். அடுத்து, படத்தின் வலு எதில் இருக்கிறது என்று விசாரியுங்கள். வசனத்திலும் திருப்பங்களிலும் மட்டுமே நிற்கும் படம் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு வேலை செய்யும். ஒலி, நிலப்பரப்பு, முகங்களின் நெருக்கக் காட்சிகள், நீண்ட மௌனங்கள் ஆகியவற்றில் நிற்கும் படமோ, தொலைக்காட்சியில் பாதியை இழந்துவிடும்.

முன்னோட்டத்தை ஒருமுறைக்கு மேல் பார்க்க வேண்டாம். அண்மைக் காலத்து முன்னோட்டங்களில் பல, கதையின் மூன்றில் இரண்டு பங்கைச் சொல்லிவிடுகின்றன. என்னைக் கேட்டால், முதல் அரை நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துவதே மேல். படத்தின் நிறமும் நடையும் தெரிந்துகொள்ள அதுவே போதும்.

அரங்கையும் திரையிடும் வடிவத்தையும் தேர்ந்தெடுத்தல்

முன்பதிவுச் செயலியைத் திறந்ததும் ஒரே படத்துக்கு ஐந்தாறு விதமான காட்சிகள் வரிசையாக நிற்கும். 2டி, 3டி, ஐமேக்ஸ், டால்பி அட்மாஸ், அசையும் இருக்கை என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். இவற்றில் எது உங்கள் படத்துக்குப் பொருந்தும் என்று அறிய, ஒவ்வொன்றும் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் திரையின் வடிவம். பெரும்பாலான படங்கள் இரண்டு அளவுகளில் ஒன்றில் வருகின்றன: உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலம் கொண்டவை ஒரு வகை, 2.39 மடங்கு அகலம் கொண்ட, சினிமாஸ்கோப் என்று நாம் சொல்லிப் பழகியவை இன்னொரு வகை. ஸ்கோப் படத்தை அதற்குரிய அகலத் திரையில் பார்க்கும்போது படம் விரிந்து நிறைகிறது. உயரமான திரையில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து படம் சிறுத்துப்போகிறது. நல்ல அரங்குகள் பக்கவாட்டுத் திரைச்சீலைகளையோ மேல்கீழ் மறைப்புகளையோ நகர்த்தி, வெற்று வெள்ளைத் திரை கண்ணில் படாதபடி செய்யும். ஓர் அரங்கு தன் வேலையை எவ்வளவு அக்கறையுடன் செய்கிறது என்பதை இந்தச் சிறு விஷயமே காட்டிக்கொடுத்துவிடும்.

மிகப் பெரிய திரைக்குப் பேர்போன ஐமேக்ஸ் என்ற பெயரின் கீழும் எல்லா அரங்குகளும் ஒன்றல்ல. பழைய ஐமேக்ஸ் படச்சுருள் அரங்கின் திரை 1.43 மடங்கு அகலம் மட்டுமே கொண்டது; அதாவது ஏறத்தாழச் சதுரத்தை நெருங்கும், பார்வை முழுவதையும் நிரப்பும் உயரம். இன்றுள்ள பல டிஜிட்டல் ஐமேக்ஸ் அரங்குகளின் திரை 1.90 அளவிலானது. 2023 ஜூலை 21 அன்று வெளியான ‘ஓப்பன்ஹைமர்’ இந்த வேறுபாட்டைப் பொதுமக்களின் பேச்சுக்கே கொண்டுவந்தது. மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தின் 70 மி.மீ. ஐமேக்ஸ் படச்சுருள் சுமார் 11 மைல் நீளம் கொண்டிருந்தது. அதை ஓட்டக்கூடிய கருவியும் இயக்கத் தெரிந்த ஆட்களும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 30 அரங்குகளில்தான் இருந்தன. அதனால் எல்லாரும் அந்த வடிவத்தையே தேடிப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஐமேக்ஸ் ஒளிப்பதிவுக் கருவியால் எடுக்கப்பட்ட படத்துக்கு அந்தத் திரை பொருள் உள்ளது. சாதாரணமாக எடுத்துப் பெரிதாக்கிக் காட்டப்படும் படத்துக்கு அத்தனை பொருள் இல்லை. எதில் படமாக்கப்பட்டது என்பதைப் படக்குழுவினரின் பேட்டிகளில் எளிதாகத் தெரிந்துகொள்ளலாம்.

டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறை 2012இல் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய முறைகளில் ஒலி முன்னும் பக்கமும் பின்னும் இருந்து வரும். இதில் தலைக்கு மேலேயும் ஒலிபெருக்கிகள் இருக்கும். ஒரு பறவையோ மழையோ எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு நகர வேண்டும் என்பதை ஒலிக்கலவையாளர் தனியாகக் குறித்துவைக்க முடியும். ஒலி முக்கியமான படத்துக்கு, பெரிய திரையை விட நல்ல ஒலியுள்ள நடுத்தர அரங்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

3டி காட்சிகளைப் பற்றி ஒன்று மட்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணுக்கும் வரும் ஒளி கணிசமாகக் குறைகிறது. 2டி படத்துக்குத் திரையில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) ஒளிர்வு இருக்க வேண்டும் என்பது தொழில்முறை அளவுகோல். 3டியில் இதற்கு மிகவும் குறைவாகவே கண்ணுக்கு எட்டுகிறது. இருட்டான காட்சிகள் நிறைந்த படத்தை 3டியில் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர். படம் 3டிக்காகவே திட்டமிட்டு எடுக்கப்படவில்லை என்றால் 2டி காட்சிக்கே போங்கள். அசையும் இருக்கைகளை முதல்முறை தவிர்ப்பது நல்லது. அவை உங்கள் கவனத்தைத் திரையிலிருந்து நாற்காலிக்கு இழுத்துவிடும்.

இருக்கையும் நேரமும்

முன்பதிவுச் செயலி காட்டும் இருக்கை வரைபடத்தில் திரையிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் அல்லது நடுவுக்கு இரண்டு மூன்று இருக்கைகள் தள்ளி இடம் பிடியுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒலியமைப்பைச் சரிபார்க்கும் பொறியாளர்கள் வழக்கமாக ஒலிவாங்கிகளை அந்தப் பகுதியில் வைத்தே அளக்கிறார்கள். பார்வைக்கோணமும் அங்கே இசைவாக இருக்கும்: திரையின் இரு ஓரங்களும் கண்ணில் சுமார் 36 பாகைக் கோணத்தில் அடங்குவது நல்லது என்பது திரையரங்குகளின் ஒலி, ஒளித் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் பரிந்துரைத்த அளவு. எளிதாகச் சொன்னால், திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவு. மிகப் பெரிய திரையும் செங்குத்தான படிவரிசையும் உள்ள அரங்குகளில் இன்னும் இரண்டு வரிசை முன்னே வந்தாலும் கெடுதல் இல்லை.

துணைத்தலைப்புடன் பார்க்க வேண்டிய படம் என்றால் கணக்குச் சற்று மாறும். எழுத்துகள் திரையின் அடியில் வருவதால், முன்வரிசைக்காரரின் தலை மறைக்காத உயரமான வரிசையே தேவை. மிக முன்னால் உட்கார்ந்தால் முகத்தையும் எழுத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாமல், கண் மேலும் கீழும் அலைந்து களைத்துப்போகும். கழுத்துவலி உள்ளவர்கள் முதல் நான்கு வரிசைகளை முற்றிலும் தவிர்க்க வேண்டும். இடையில் எழுந்து போக நேரிடும் என்று தெரிந்தவர்கள் நடைபாதை ஓர இருக்கையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்; பார்வைக்கோணத்தில் இழப்பது சிறிது, மனநிம்மதியில் பெறுவது அதிகம்.

கூட்டம் இன்னும் அச்சம் தருகிறது என்றால், படம் வெளியாகிச் சில நாட்கள் கழித்து, வார நாளின் பகல் காட்சிக்குப் போங்கள். ஆனால் சிறிய படங்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. முதல் மூன்று நாள் வருகையை வைத்தே இரண்டாம் வாரக் காட்சிகளின் எண்ணிக்கை முடிவாகிறது என்பதால், விளம்பர வலு இல்லாத படத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர் பெரும்பாலும் அதைத் தவறவிடுவார்.

உடல்நிலையைக் கருதி

திரையரங்கின் ஒலியளவு வீட்டுக்குப் பழகிய காதுக்குத் திடீரென்று அதிகமாகத் தோன்றும். தொழில்முறை அளவுகோலில் ஒவ்வொரு முதன்மை ஒலித்தடமும் 85 டெசிபலுக்கு அளந்து சரிசெய்யப்படுகிறது. அதற்கு மேலும் 20 டெசிபல் வரை உச்சங்கள் எழ இடம் உண்டு. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களும் ஒலிக்கூச்சம் உள்ளவர்களும் காதடைப்பான் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. வெட்டி வெட்டி மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 2018இல் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ வெளியானபோது பல அரங்குகள் வாசலிலேயே இதற்கான எச்சரிக்கையை ஒட்டின. அப்படிப்பட்ட பாதிப்பு உள்ளவர்கள் படத்தின் தணிக்கைச் சான்றிதழோடு வரும் உள்ளடக்கக் குறிப்புகளைப் படித்துவிட்டே முன்பதிவு செய்ய வேண்டும். குளிர்சாதனத்துக்கு ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான துணைத்தலைப்பு வசதியும் ஒலி விவரணையும் உள்ள காட்சிகளைப் பல அரங்குகள் தனியாகக் குறிப்பிடுகின்றன. தெரியவில்லை என்றால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போன பிறகு

விளக்கு அணைந்த முதல் 20 நிமிடம்தான் திரும்பி வந்தவருக்குச் சோதனை. கை தானாகக் கைப்பேசியைத் தேடும். மெதுவாக நகரும் காட்சி வந்தால், பத்து விநாடி தாவும் பொத்தானுக்குப் பழகிய விரல் துடிக்கும். இது படத்தின் குறையா, நம் பழக்கத்தின் குறையா என்று அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கைப்பேசியை அமைதிப்படுத்துவது போதாது. முழுவதும் அணைத்து, எளிதில் எட்டாதபடி பையின் அடியில் வைத்துவிடுங்கள். திரையின் ஒளியை விடக் கைப்பேசியின் ஒளி பல மடங்கு கூர்மையானது என்பதால், நீங்கள் ஒரு நொடி மணி பார்ப்பது பின்னால் இருக்கும் மூன்று வரிசைகளின் பார்வையையும் இழுத்துவிடும். அரை மணி நேரம் கடந்ததும் கவனம் தானாக ஒரு நிலைக்கு வந்து, சிறிய ஓசைகளும் நடிகரின் கண்ணிமை அசைவும் புலப்படத் தொடங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

படம் மங்கலாகவோ குவியம் தப்பியோ வசனம் அமுங்கியோ இருந்தால் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். வெளியே போய் ஊழியரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். யாராவது ஒருவர் சொல்லியிருப்பார் என்று அரங்கில் உள்ள அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருப்பதே வழக்கம்.

பரிந்துரை கேட்பதும் சொல்வதும்

திரையரங்குப் பழக்கம் நிலைப்பது பரிந்துரைகளால்தான். நட்சத்திர மதிப்பெண்ணும் சதவீதங்களும் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று சொல்லுமே தவிர, உங்களுக்குப் பிடிக்குமா என்று சொல்லாது. அதைவிட, ரசனை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று மனிதர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் உங்களோடு அடிக்கடி மாறுபடுகிறவராக இருப்பது மிகவும் உதவும். அவர் சலிப்பாக இருந்தது என்று சொன்ன படம் உங்களுக்கு உகந்ததாக இருக்கலாம் என்று காலப்போக்கில் கணிக்க வரும். கேட்கும்போது படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த மாதிரியான படம், எந்த மனநிலையில் பார்க்கலாம், அரங்கில் பார்ப்பதால் என்ன கூடுதலாகக் கிடைத்தது என்று கேளுங்கள்.

நீங்கள் பரிந்துரைக்கும் முறை வந்தால், பார்த்த அன்றே நான்கைந்து வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மற்றவர்களின் விமரிசனங்களைப் படித்த பிறகு நம் கருத்து எது, கேட்ட கருத்து எது என்று பிரித்தறிவது கடினம். கதையை முதல் கால் பகுதிக்கு மேல் சொல்ல வேண்டாம். இறுதியில் ஒரு திருப்பம் இருக்கிறது என்று சொல்வதுகூடக் கதையை உடைப்பதுதான். கேட்டவர் படம் முழுவதும் அதற்காகவே காத்திருப்பார். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும், வாழ்க்கையே மாறிவிடும் என்றெல்லாம் சொல்வது படத்துக்குச் செய்யும் தீங்கு. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காமல் போகலாம், எந்தக் காட்சி சிலரைப் பாதிக்கலாம், எப்படிப்பட்ட அரங்கில் பார்க்க வேண்டும் ஆகிய நான்கையும் நேர்மையாகச் சொல்லிவிட்டால் கேட்பவர் தானே முடிவுசெய்துகொள்வார்.

இந்த முறையில் அண்மை ஆண்டுப் படங்கள் சிலவற்றை நானே பரிந்துரைக்கிறேன்.

ஒலிக்காக ஒரு படம் என்று கேட்டால், ஜோனதன் கிளேசர் இயக்கி 2023இல் வந்த ‘தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படத்தைச் சொல்வேன். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற இந்தப் படத்தில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் மதில் சுவரை ஒட்டிய வீட்டில் அதன் தளபதியின் குடும்பம் தோட்டம் வைத்து, குழந்தைகளை வளர்த்து வாழ்கிறது. சுவருக்கு அப்பால் நடப்பது திரையில் காட்டப்படுவதில்லை. காதில் மட்டும் விழுகிறது. தொடக்கத்தில் நெடுநேரம் திரை வெறும் கறுப்பாகவே இருக்கும். கருவி பழுதாகிவிட்டதோ என்று எண்ண வேண்டாம். கண்ணை விலக்கிக் காதைத் திறக்கச் சொல்கிறது படம். தொலைக்காட்சியின் சிறு ஒலிபெருக்கியில் அந்தத் தொலைதூர ஓசைகள் கரைந்துவிடும். மனம் சோர்ந்திருக்கும் நாளில் இதற்குப் போக வேண்டாம்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ மிகவும் பொருத்தமானது. வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையும் அதனோடு படகில் சேரும் மற்ற விலங்குகளும்தான் கதை. ஒரு சொல்கூட வசனம் இல்லை என்பதால் மொழியும் துணைத்தலைப்பும் தடையில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் உருவான இந்தப் படம், 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. மிகச் சிறிய குழந்தைகள் பூனை ஆபத்தில் சிக்கும் இடங்களில் அழக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையே இல்லாத தமிழ்ப் படம். பிடிவாதமாக வாய்திறக்காத ஒரு பெண்ணை, பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடும்பமே சாமியாடி ஒருவரிடம் போகிறது. எந்த இடத்தில் என்ன உணர வேண்டும் என்று இசை சொல்லித்தராததால், ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் குரலும் அந்தப் பெண்ணின் பார்வையுமே படமாகின்றன. தெளிவான முடிவை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அமைதியான, கூட்டம் குறைந்த காட்சியில் பார்க்க வேண்டிய படம் இது.

நீளத்துக்கு அஞ்சாத நிலைக்கு வந்த பிறகு, பிராடி கார்பெட்டின் ‘தி ப்ரூட்டலிஸ்ட்’ படத்தைத் தேடிப் பாருங்கள். அது 215 நிமிடம் ஓடுகிறது. நடுவில் 15 நிமிட இடைவேளையைப் படத்தின் ஒரு பகுதியாகவே இயக்குநர் அமைத்திருக்கிறார். அந்த நேரத்தில் எழுந்து நடந்து, உடன் வந்தவரோடு முதல் பாதியைப் பேசிவிட்டு உள்ளே வாருங்கள்.

இந்த நான்கும் இனி வழக்கமான காட்சி அட்டவணையில் எளிதாகக் கிடைக்காது. திரைப்படச் சங்கங்கள், திரைப்பட விழாக்கள், மறுவெளியீடுகள் ஆகியவற்றை நாடுங்கள். சங்கத்தில் உறுப்பினரானால் அடுத்த சில மாதங்களுக்கான பட்டியல் முன்கூட்டியே கைக்கு வரும். மறுவெளியீடு என்றால், மூலப் படச்சுருளிலிருந்து புதுப்பிக்கப்பட்ட பிரதியா, வெறும் பழைய டிஜிட்டல் கோப்பா என்று விசாரித்துவிட்டு இருக்கையைப் பதிவுசெய்யுங்கள்.